பனிப்பறவைகளுக்கு எங்கள் ஊரில் இடம் உண்டு

குளிர்காலத்தைக் கழிக்க ஊர் தேடுபவர்களுக்கு மூன்று நிபந்தனைகள். வெயில் இருக்க வேண்டும். கூட்டம் இருக்கக் கூடாது. செலவு கையைக் கடிக்கக் கூடாது. கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலிருந்தும் நவம்பரில் கிளம்பி, பனி உருகியதும் வீடு திரும்பும் ஓய்வுபெற்றவர்களை 'ஸ்னோபேர்ட்' என்பார்கள். பனிப்பறவைகள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூட்டத்தில் இப்போது தமிழர்களும் உண்டு. டொரொண்டோவில் இருக்கும் ஈழத்து நண்பனின் அப்பா போன மாதம் என்னிடம் கேட்டார்: "புளோரிடா இனிக் கட்டுப்படியாகாது தம்பி. உங்கட பக்கம் எப்பிடி? சனம் குறைவா, மலிவா ஒரு இடம் சொல்லும்."

நான் பெக்கான் நானாஸ்காரன். ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் போகும் சாலையில் இருக்கும் அன்னாசி ஊர். நியாயமாகப் பார்த்தால் அவருடைய மூன்று நிபந்தனையிலும் எங்கள் ஊர் தேறிவிடும். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி வடக்கே இருக்கிறோம்; டிசம்பரிலும் பகலில் முப்பது டிகிரியைத் தொடும். மழை வரும், ஆனால் ஸ்வெட்டர் வேண்டாம். சாலையோரத்தில் அன்னாசி, பக்கத்தில் குக்குப் கடற்கரையில் மீன், ஜொகூர் பாருவில் பெரிய மருத்துவமனைகள். கூட்டமா? பொழுது சாய்ந்தால் கடைத்தெருவில் நாய்கள்தான் நடமாடும்.

"வாங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் 'வெயில், கூட்டமின்மை, மலிவு' என்ற இந்த மூன்று சொற்களும் இயற்கை தந்த வரங்கள் மாதிரி பேசப்படுகின்றன. அவை அப்படி இல்லை. ஒவ்வொன்றுக்கும் இங்கே யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார், இன்னமும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதைப் பேசாமல் ஊரை மட்டும் சிபாரிசு செய்ய எனக்கு மனசு வரவில்லை.

முதலில் வெயில். இன்றைக்கு மருந்தாகப் பார்க்கப்படும் இதே வெயிலைத்தான் காலனிக் காலத்து வெள்ளைக்காரர்கள் நோய் என்றார்கள். துரைமாருக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை கப்பலேறி ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொள்ள விடுப்பு உண்டு. இங்கேயே குளிர் தேட கேமரன் மலை, பிரேசர் மலை. அந்த வெயில் தமிழனுக்கு ஒத்துக்கொள்ளும் என்று அவர்களே தீர்மானித்து, கங்காணி வழியாக ஆள் பிடித்து, காடழித்து, பால்மரம் நட வைத்தார்கள். மலேரியாவில் செத்தவர்கள் போக மிச்சமிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். எங்கள் பக்கத்து மக்கிய சதுப்பு மண்ணில் வேறு பயிர் எளிதில் தலையெடுக்காது, அன்னாசி எடுக்கும். அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்த பயிர்தான். 'அன்னாசி' என்ற சொல்லும் அதோடு வந்ததுதான். முள்ளிலையில் காலைக் கிழித்துக்கொண்டு அதை வெட்டிச் சுமந்தவர்களிடம் போய் இந்த வெயில் இதமாக இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை.

அடுத்தது கூட்டமின்மை. எங்கள் ஊர் ஏன் வெறிச்சோடியிருக்கிறது? இளைஞர்கள் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு போகிறார்கள். அங்கே சம்பாதிக்கும் ஒரு வெள்ளி இங்கே மூன்று வெள்ளிக்கு மேல். வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் வருகிறார்கள், சிலர் வாரம் ஒருமுறை. தோட்டங்களின் கதை வேறு. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புப் பகுதி வந்தது. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்த அன்றே வீடும் முடிந்தது. நாற்பது வருஷம் ஒரே தோட்டத்தில் உழைத்துவிட்டு, ஓய்வுபெற்ற மாதமே சாமான்களைக் கட்டிக்கொண்டு நகரத்துப் புறம்போக்குக்குப் போன குடும்பங்கள் இந்த நாடு முழுக்க உண்டு. தலைநகரிலேயே புக்கிட் ஜாலில் தோட்டத்து மக்கள் தாங்கள் வாழ்ந்த மண்ணில் சில ஏக்கரை வீட்டுக்குக் கேட்டு வருஷக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. ஆக, நீங்கள் ரசிக்கும் அமைதியில் ஒரு பங்கு, ஆட்கள் போனதால் வந்த அமைதி.

மூன்றாவது மலிவு. இது எளிய கணக்கு. இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 ரிங்கிட் ஆனது, 2025 பிப்ரவரியில் 1,700. டொரொண்டோ ஓய்வூதியக்காரருக்கு எங்கள் ஊர்ச் சாப்பாடு மலிவாகத் தெரிவதற்குக் காரணம், அதைச் சமைப்பவர், பரிமாறுபவர், தட்டைக் கழுவுபவர் எல்லோரும் மலிவாக இருப்பதுதான்.

இந்த மூன்று சொற்களையும் நம் அரசாங்கம் நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது. 1996இல் 'சில்வர் ஹேர்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். நரைத்த தலைக்கு விசா. 2002இல் அதற்கு 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்று பெயர் மாற்றினார்கள். ஜப்பான் அதற்கு முன்பே, 1986இல், தன் முதியவர்களை வெளிநாட்டில் குடிவைக்க ஒரு திட்டம் போட்டு, "கிழவர்களை ஏற்றுமதி செய்கிறீர்களா?" என்று திட்டு வாங்கியிருந்தது. அந்த ஜப்பானியர்களில் பலர் பிறகு நம் நாட்டைத்தான் விரும்பி வந்தார்கள். 2021இல் விதியை இறுக்கினார்கள்: வெளிநாட்டிலிருந்து மாதம் 40,000 ரிங்கிட் வருமானம், வங்கியில் பத்து லட்சம் ரிங்கிட் வைப்புத்தொகை, வருஷத்துக்குக் குறைந்தது 90 நாள் இங்கே தங்க வேண்டும். தொண்ணூறு நாள் என்பது ஏறக்குறைய ஒரு குளிர்காலம். ஜொகூர் சுல்தானே இது பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2024இல் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நகைக்கடை மாதிரித் தரம் பிரித்தார்கள். வெள்ளிக்கு 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, பிளாட்டினத்துக்குப் பத்து லட்சம். எங்களுக்குத் தெற்கே, கடலைத் தூர்த்துக் கட்டிய ஃபாரஸ்ட் சிட்டிக்கு மட்டும் தனிச் சலுகை: ஐம்பது வயதைத் தாண்டியவர் 32,000 டாலர் போட்டால் போதும். ஏழு லட்சம் பேர் வாழ்வார்கள் என்று திட்டமிட்ட நகரம் அது. பெரும்பகுதி காலியாகக் கிடக்கிறது. கூட்டமில்லாத ஊர் கேட்டவர்களுக்கு ஊரே தயார்!

இந்தத் திட்டத்தில் வருபவர் மனைவியை, பிள்ளைகளை, பெற்றோரை அழைத்துவரலாம். சரி. வயதான காலத்தில் குடும்பம் பக்கத்தில் இருக்க வேண்டாமா? ஆனால் தோட்டத்துக்கும் கட்டுமானத்துக்கும் தொழிற்சாலைக்கும் வரும் வெளிநாட்டுத் தொழிலாளி மனைவியை அழைத்துவரக் கூடாது, இங்கே கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது, பத்து வருஷமோ சற்றுக் கூடுதலோ உழைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட வேண்டும். இரண்டு பேருமே வெளியாட்கள்தான். ஒருவரிடம் "வருஷத்துக்கு மூணு மாசமாவது இருங்க" என்று கெஞ்சுகிறோம். இன்னொருவரிடம் "ஒரு நாள் கூட இருந்தாலும் பிடிப்போம்" என்கிறோம்.

பிடித்து எங்கே வைப்போம்? எங்கள் ஊரில்தான். பெக்கான் நானாஸைத் தேடிப் பாருங்கள். அன்னாசி அருங்காட்சியகம் வரும். அதோடு குடிநுழைவுத் துறையின் தடுப்பு முகாமும் வரும். நாட்டில் பலருக்கு எங்கள் ஊர்ப் பெயர் தெரிந்திருப்பதே அந்த முகாமால்தான். அனுமதியில்லாமல் நுழைந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை, ஆறு பிரம்படி வரை என்று சட்டம் சொல்கிறது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. எனவே உயிருக்கு ஓடிவந்த ரோஹிங்கியாவுக்கும் தேதி முடிந்துபோன சுற்றுலாக்காரனுக்கும் சட்டத்தின் கண்ணில் வித்தியாசம் இல்லை. 2019 ஆகஸ்டிலிருந்து ஐநா அகதிகள் ஆணையத்தையே இந்த முகாம்களுக்குள் விடுவதில்லை. 2022 ஏப்ரலில் வடக்கே சுங்கை பாக்காப் முகாமிலிருந்து 500க்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் தப்பி ஓடினார்கள். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது ஆறு பேர் வண்டியில் அடிபட்டுச் செத்தார்கள். அதில் இரண்டு பேர் குழந்தைகள்.

"சட்டப்படி வரட்டுமே, யார் வேண்டாம்னா?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. ஆனால் முகாமில் இருப்பவர்களில் எத்தனையோ பேர் சட்டப்படி வந்தவர்கள்தான். ஏஜெண்டு ஏமாற்றினார், முதலாளி பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை, கடப்பிதழை வாங்கி வைத்துக்கொண்டு கொடுக்கவில்லை. ஒரே இரவில் சட்டவிரோதி. அகதிக்கோ சட்டப்படி வருவதற்கு வாசலே கிடையாது. இல்லாத வாசல் வழியாக ஏன் வரவில்லை என்று கேட்பது நியாயமா?

இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அதுதான்.

1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். கஸ் டால்டன் என்ற மீன்பிடிக் கப்பல் தலைவர் அவர்களைக் கரைசேர்த்தார். யாரிடமும் விசா இல்லை. அப்போதும் கனடாவில் முணுமுணுப்புகள் எழுந்தன. ஆனால் அவர்களைக் கூண்டில் போடாமல் தங்க விட்டார்கள், தாள் கொடுத்தார்கள். அன்றைக்கு இருபத்தைந்து வயதில் கரையேறிய ஒருவருக்கு இன்று ஓய்வு வயது. இப்போது அவர் குளிர்காலத்துக்கு வெயில் தேடலாம். ஒன்டாரியோக்காரராக இருந்தால், வருஷத்தில் 212 நாள் வரை வெளியே இருந்தாலும் அவருடைய அரசு மருத்துவக் காப்புறுதி போகாது. ஒரு அகதிக்குத் தாள் கொடுத்து நாற்பது வருஷம் நிம்மதியாக விட்டால் அவர் பனிப்பறவை ஆகிவிடுகிறார். எங்கள் ஊர் முகாமில் இருப்பவருக்கும் அவருக்கும் குணத்தில் வேறுபாடு இல்லை. அவருக்குக் கிடைத்த தாள் இவருக்குக் கிடைக்கவில்லை.

இது தமிழனுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? என் பாட்டி சிவப்பு அடையாள அட்டையோடுதான் இறந்தார். இந்த மண்ணில் ஒன்பது பிள்ளை பெற்றவர், ஒரு தேர்தலில் கூட ஓட்டுப் போட்டதில்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது ஆயிரக்கணக்கான தோட்டத்து மக்கள் கப்பலேறினார்கள். இதையெல்லாம் கதையாக, கவிதையாக எழுதி விருது வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஆனால் 2020இல் ரோஹிங்கியாக்களுக்கு எதிராக இணையத்தில் வெறுப்பு கொட்டியபோது, நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதே வசனங்கள்தான் ஓடின. 'அழுக்கு', 'கூட்டம் கூட்டமா வர்றானுங்க', 'நம்ம வேலையப் புடுங்குறானுங்க'. நம் தாத்தாக்களைப் பற்றி யாரோ சொன்ன அதே சொற்கள். தாத்தாவின் புலம்பெயர்வு என்றால் காவியம், பங்களாதேஷியின் புலம்பெயர்வு என்றால் தொல்லை. தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா விசாவில் வந்து சாப்பாட்டுக் கடையில் மாவாட்டும் பையனைப் பற்றியாவது எழுதியிருக்கிறோமா? சோதனைக்கு வண்டி வந்து நின்றதும் பின்வாசல் வழியாக ஓடுகிறானே, அவனும் தமிழன்தான்.

சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். நாரையின் அலகுக்குச் சொன்ன உவமையை ரசித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். கொஞ்சம் நின்று பாருங்கள். தெற்கே குமரியில் நீராடிவிட்டு, துணையோடு வடக்கே திரும்பும் பறவை. அதே வானத்துக்குக் கீழே, வறுமையில் ஊரைவிட்டு வந்து, போர்த்த துணியில்லாமல், மதுரைக் குளிரில் தன் உடம்பைத் தானே அணைத்துக் கிடக்கும் மனிதன். அந்தக் காலத்திலேயே ஒரு தமிழ்ப் புலவன் இரண்டையும் ஒரே பாட்டில் வைத்துவிட்டான். நாரையின் மேல் அவனுக்குக் கோபம் இல்லை. வீட்டில் என் நிலையைச் சொல் என்றுதான் கேட்கிறான்.

எனக்கும் பனிப்பறவைகள் மேல் கோபம் இல்லை. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து உள்ளான்கள் எங்கள் பொந்தியான் கரைக்கு வரத்தான் செய்கின்றன. தஞ்சோங் பியாய், புலாவ் குக்குப் ஆகிய இரண்டு சதுப்புநிலங்களும் 2003இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பறவைகளிடம் யாரும் வைப்புத்தொகை கேட்கவில்லை. வயதான எலும்புக்கு வெயில் தேவை. அது ஆசைப்படக் கூடாத ஆசை இல்லை. நான் கேட்பது, அந்த ஆசையைப் பணம் உள்ளவருக்கு மட்டும் உரிமையாகவும் மற்றவருக்குக் குற்றமாகவும் ஏன் வைத்திருக்கிறோம் என்பதுதான். பத்து வருஷம் இந்த மண்ணில் உழைத்தவருக்கு, விரும்பினால் இங்கேயே முதுமையைக் கழிக்க வழி வேண்டும். அகதிக்கு அகதி என்று ஒரு சட்டப்பெயர் வேண்டும். முகாம் கதவு ஐநாவுக்குத் திறக்க வேண்டும். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளிக்கு அவர் வாழ்ந்த இடத்திலேயே முதல் இல்லம் வேண்டும். பிறகு யாருக்கு வேண்டுமானாலும் இரண்டாவது இல்லம் கொடுங்கள்.

டொரொண்டோ அங்கிளுக்கு எழுதியிருக்கிறேன். தாராளமாக வாங்க, டிசம்பரில் மழைக்குக் குடை எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டு வாடகை, மருத்துவமனைச் செலவு எல்லாம் இவ்வளவு ஆகும் என்று கணக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கூடவே முகாம் இருக்கும் இடத்தையும் குறித்து அனுப்பியிருக்கிறேன். விசா இல்லாமல் ஒரு நாட்டுக்குள் போய்ச் சேர்ந்த அனுபவம் அவருக்கு உண்டு. அந்த வேலியைப் பார்த்தால் அவருக்கு என்ன தோன்றுகிறது என்று நான் அவரிடம் கேட்க வேண்டும்.