போன வருடப் பை

பள்ளி திறக்க இரண்டு நாள்தான் இருந்தது. போன வருடப் பையைத் துவைத்துக் கொடியில் காயப் போட்டிருந்தேன். ஜிப் நன்றாக இருந்தது, கிழிசலும் இல்லை. மகள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. "இதையா கொண்டுபோகப் போறே? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்று கேட்டது நான்தான். அன்று சாயங்காலமே புதுப் பை வந்துவிட்டது.

பிள்ளைகளுக்கு எல்லாமே புதுசாக வேண்டியிருக்கிறது என்று பள்ளி வாசலில் நின்று புலம்புகிறோமே, அந்தப் பாடத்தை அவர்களுக்கு நடத்தியது யார்?

பிறந்ததும் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் இவர்களைச் சுற்றினோம். புதுத்துணி உறுத்தும், பழசுதான் மெத்தென்று இருக்கும் என்று பாட்டி சொன்னபோது தலையாட்டினோம். அண்ணன் சட்டை தம்பிக்கு, அக்கா பாவாடை தங்கைக்கு என்று வளர்ந்தவர்கள்தான் நாமும். 'நான் பட்ட கஷ்டம் என் பிள்ளை படக் கூடாது' என்கிறோம். அப்படி என்ன பட்டுவிட்டோம்? சட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது.

இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மகளுக்குச் சின்னதாகிப்போன கவுனை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்தேன். "ரெண்டு தடவைதான் போட்டா, புதுசு மாதிரியே இருக்கு, உங்க பொண்ணுக்கு நல்லா இருக்கும்" என்றேன். அவர் போனதும் மகள் கேட்டாள்: "அந்தப் பொண்ணு பழசு போட்டா மட்டும் யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்களாம்மா?"

நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

துணி மட்டுமா, புத்தகமும் நமக்குப் பழசுதான். சென்னை சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது. ஆனாலும் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்தில் பழைய புத்தக வியாபாரம் தொடர்ந்தது. நம்மில் எத்தனை பேர் அந்தக் கடைகளின் தயவில் கல்லூரியை முடித்தோம்! பரீட்சை எழுதிய கையோடு விற்றுவிட்டு, அந்தக் காசில் அடுத்த செமஸ்டருக்கு வாங்கி வருவோம். இந்த வருடம் மகளை அங்கே அழைத்துப்போனேன். தெரிந்தவர்கள் யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது நான். அவள் ஒரு கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் யாரோ பென்சிலால் போட்டுப் பார்த்த கணக்கு.

"அம்மா, மூணாவது வரியில தப்பு பண்ணியிருக்கான்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.