‘அம்மா’ அரைப்புள்ளியான கதை

டிடிபி கடைக்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி இது. இருபது ஆண்டுகளுக்கு முன் அச்சான புத்தகத்தை மறுபதிப்புப் போட நினைக்கும் பதிப்பாளர் ஒரு சிடியை நீட்டுவார். கணினியில் போட்டுப் பார்த்தால் கோப்புப் பெயர்களின் வாலில் ‘பி65’ என்றிருக்கும். பேஜ்மேக்கர் 6.5. அந்தப் பழைய மென்பொருளைத் தேடிப்பிடித்துத் திறந்தாலும் திரையில் தமிழைக் காணோம். ‘அம்மா’ இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து குறிகள் நிற்கும். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு அது. அகரத்தை ஆங்கில ‘எம்’ இடத்திலும், மகரத்தை ‘கே’ இடத்திலும், மெய்யின் புள்ளியை அரைப்புள்ளி இடத்திலும் வைத்திருந்த எழுத்துரு. அது இல்லாத கணினிக்கு அந்தக் கோப்பில் தமிழ் இருப்பதே தெரியாது.

பாமினி ஒன்று மட்டுமல்ல. அரசு அலுவலகங்களில் வானவில், அச்சகங்களில் வேறு பல தொகுப்புகள் என்று ஆளுக்கொரு குறியேற்றம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வகுக்கப்பட்டன. உலகப் பொதுக் குறியேற்றமான யூனிகோடில் தமிழ் 1991லேயே இடம்பெற்றுவிட்டது. ஆனாலும் தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். இடைப்பட்ட காலத்தில் தட்டப்பட்ட சுற்றறிக்கைகள், தீர்மானங்கள், நாவல்கள், நினைவு மலர்கள் எத்தனையோ. அடோபி நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஏழாம் பதிப்போடு பேஜ்மேக்கரை நிறுத்திக்கொண்டது. நம் அச்சகங்களோ அதற்குப் பிறகும் வெகுகாலம் அதிலேயே உழைத்தன.

அன்று அவற்றைத் தேர்ந்தெடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வேகமாகத் தட்ட முடிந்தது, அச்சு அழகாக விழுந்தது, விலையும் கட்டுப்படியானது. இந்தக் கோப்பை நாளைக்கு வேறொருவர் வேறொரு மென்பொருளில் திறக்க முடியுமா என்ற கேள்வி மட்டும் எழவில்லை. அதற்கான விலையை மெய்ப்புத் திருத்துபவர்கள் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதே கேள்வியை உரக்கக் கேட்க வேண்டிய நேரம் இது. மைக்ரோசாப்ட் ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதே மாதம் மத்தியக் கல்வி அமைச்சகம், ஜோஹோவின் அலுவலக மென்பொருளைப் பயன்படுத்தும்படி தன் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டது. சென்னையில் வளர்ந்து தென்காசி வரை வேர்விட்ட நிறுவனம் என்பதால் தமிழர்களுக்கு இதில் பெருமை உண்டு. அந்தப் பெருமை நியாயமானதும்கூட.

உள்நாட்டு மென்பொருள் வேண்டும் என்பதற்கு வலுவான காரணமும் அந்த ஆண்டிலேயே கிடைத்தது. குஜராத்தின் வாடினாரில் பெரிய சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரஷ்யாவின் ரோஸ்நெப்ட்டுக்குக் கிட்டத்தட்டப் பாதிப் பங்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலையில் நயாரா மீது தடை விதித்ததும், மைக்ரோசாப்ட் அதற்கான சேவைகளை முடக்கியது. ஊழியர்களின் மின்னஞ்சல் நின்றது. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட, சில நாட்களில் சேவை திரும்பியது. பணம் கட்டி வாங்கிய மென்பொருளின் சாவி இன்னொருவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்திய நிறுவனங்கள் கண்ணெதிரே பார்த்தன.

ஆனால் சாவி அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வந்துவிட்டாலே எல்லாம் சரியாகிவிடாது. பாமினியும் வானவில்லும் வெளிநாட்டுப் பெருநிறுவனங்கள் நம் தலையில் கட்டியவை அல்லவே! கோப்பு எந்த வடிவத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். ஓடிஎப் என்ற திறந்த ஆவண வடிவம் 2006லேயே உலகத் தரமானது. எந்த நிறுவனமும் அனுமதி கேட்காமல் அதைப் படிக்கும் மென்பொருளை எழுதலாம். ஜோஹோ ரைட்டரிலிருந்தும் அந்த வடிவில் ஆவணத்தை இறக்கிக்கொள்ளலாம். அந்த வசதி இருப்பது போதாது, அரசு ஆவணங்களைச் சேமிக்கும் வடிவமே அதுதான் என்று விதியாக வேண்டும். மத்திய அரசு மின்னாளுகைக்கான திறந்த தரக் கொள்கையை 2010லேயே வெளியிட்டிருக்கிறது. அதை அலுவலக மேசை வரை கொண்டுவருவதுதான் பாக்கி.

இந்த மாற்றம் லேசான வேலையல்ல. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுக்கவிருந்தபோது, மைக்ரோசாப்ட்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையை விட்டுவிட்டு மேயரைப் பார்க்க ஓடிவந்தார். துறைதோறும் சேர்ந்திருந்த ஆயிரக்கணக்கான படிவங்களையும் மேக்ரோக்களையும் மாற்றி முடிக்கப் பத்தாண்டுகள் பிடித்தன. அப்படியும் 2017இல் நகராட்சி மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024 ஏப்ரலில் 30,000 கணினிகளைத் திறமூல அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. ஒரு நகரம் பின்வாங்கியதைக் கண்முன் பார்த்த பிறகும் இன்னொரு மாநிலம் இறங்கியிருக்கிறது.

இணையதளங்களின் நிலையும் இதேதான். வேர்ட்பிரஸ் திறமூல மென்பொருள், 2003இல் பிறந்தது. உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. அப்படிப்பட்ட மென்பொருளிலேயே 2024 செப்டம்பரில் அதன் நிறுவனர்களில் ஒருவருக்கும், வேர்ட்பிரஸ் தளங்களுக்கு இடமளிக்கும் டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்துக்கும் மூண்ட சண்டையில், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் செருகுநிரல்களைப் புதுப்பிக்க வழியின்றித் தவித்தார்கள். இதைவிட அன்றாடச் சங்கடம் வேறு. பக்கங்களை அழகாக்கும் செருகுநிரல் ஒன்றைப் போட்டுப் பத்தாண்டு கட்டுரைகளை அடுக்கிய சிற்றிதழ், ஒருநாள் அதை நிறுத்தினால் வாக்கியங்களுக்கு நடுவே சதுர அடைப்புக்குறிகளும் புரியாத ஆங்கிலச் சொற்களும் கொட்டிக் கிடக்கும். பாமினி செய்த அதே வேலை.

அடுத்த டெண்டர் எழுதும் பஞ்சாயத்து அலுவலகமோ பள்ளியோ பதிப்பகமோ விற்பனையாளர் காட்டும் டெமோவோடு நின்றுவிடக் கூடாது. தங்களுடைய பழைய ஆவணங்களில் பத்தை அந்த மென்பொருளில் ஏற்றச் சொல்ல வேண்டும். பிறகு அவற்றை வெளியே எடுத்து, வேறொரு கணினியில் லிப்ரே ஆபீஸில் திறந்து பார்க்க வேண்டும். அட்டவணைக் கோடுகள் குலைகின்றனவா, ‘க்ஷ’வும் ‘ஸ்ரீ’யும் உடையாமல் இருக்கின்றனவா, ஒற்றின் புள்ளி எழுத்தை விட்டு நகர்கிறதா? இதைப் பார்க்க அரை மணி நேரம் போதும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு அந்த அரை மணி நேரத்தை ஒதுக்க வேண்டும்.