துருவின் மேல் பூசும் வர்ணம்

நம் காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகின்றன. ஆயினும் உத்திரமேரூரில் நம் வீட்டு வாசலில் நிற்கும் பழைய காரின் மட்கார்டில் துரு கண்டால், "அது ஆண்கள் வேலை" என்று ஒதுங்கிவிடுகின்றோம். இது சரியா?

வர்ணம் பூச வலிமையைவிடப் பொறுமையே வேண்டும். உப்புத்தாளால் துருவைத் தேய்த்து அகற்றி, பள்ளத்துக்குப் பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரால் சமப்படுத்தி, பிரைமர் அடித்து உலரவிட வேண்டும். பிறகே வர்ணம், அதுவும் மெல்லிய பூச்சாகப் பலமுறை. அவசரப்பட்டுக் கனமாக அடித்தால் வழிந்துவிடும். துருவை மறைத்துப் பூசினாலோ, நாளடைவில் கொப்புளித்து வெளிவரும். மறைத்த குற்றமும் அப்படித்தான் அல்லவா?

ஆனால் துணிவு வேறு, அசட்டுத் துணிச்சல் வேறு. வர்ணத்தில் கலக்கும் ஹார்டனர்கள் பலவற்றில் ஐசோசயனேட் உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. முகத்தில் கட்டும் துணி அதைத் தடுக்காது. அவ்வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடுவோம். மற்றதைத் திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில், பெரியவர் துணையுடன் செய்வோம்.

1955-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே 1-ஆம் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக்கினார். கையுழைப்பில் ஆண் வேலை, பெண் வேலை என்னும் பிரிவு நமக்கு வேண்டாம். பெற்றோரே, உப்புத்தாளை எங்கள் கையிலும் கொடுங்கள்!