மீண்டும் எட்டுப் போடுவோம்

பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், உத்தியோக மாற்றம் என்று அடுத்தடுத்து வந்த பொறுப்புகளால் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு, பஸ்ஸிலும் காரிலுமாகக் காலம் தள்ளியவர்கள், ஐம்பதை நெருங்கும் வயதில் மறுபடியும் ஒரு புல்லட்டை வாங்கி, இலுப்பூரிலிருந்து அன்னவாசல் வழியே சித்தன்னவாசலுக்கோ, விராலிமலைக்கோ விடியற்காலையில் புறப்படுவதை நான் மனமார வரவேற்கிறேன். வயதைக் காட்டி அந்த ஆனந்தத்தை மறுப்பது நியாயமன்று. ஆயினும், அதற்குமுன் சிறிது அப்பியாசம் அவசியம் என்பதே என் வாதம்.

உரிமம் காலாவதியாகி ஓராண்டு கடந்தபின் புதுப்பிக்க வருபவர் மீண்டும் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் விதிக்கிறது. உரிய காலத்தில் புதுப்பித்தவரிடமோ, நாற்பதைக் கடந்திருந்தால் மருத்துவச் சான்று கேட்பதோடு சரி. இடைப்பட்ட காலத்தில் அவர் வண்டியைத் தொட்டாரா என்று எவரும் விசாரிப்பதில்லை. தேதி தவறாதவர் கையும் தவறாதவர் ஆகிவிடுவாரா?

அந்தப் புல்லட்டையே பாருங்கள். பழைய வண்டியில் வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். இன்றைய வண்டியில் இரண்டும் இடம் மாறிவிட்டன. மனம் இதை ஒரு நொடியில் கற்றுக்கொள்ளும், கால் கற்றுக்கொள்ளாது. கிடையிலிருந்து பிரிந்த ஆடொன்று குறுக்கே பாயும் அந்த க்ஷணத்தில், இடக்கால் பழைய ஞாபகத்தில் பிரேக் என்று நினைத்து மிதிப்பது கியரைத்தான். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் 2019 முதல் கட்டாயமாகியுள்ள ஏபிஎஸ், சக்கரம் இறுகி வழுக்காமல் காக்குமேயன்றி, மிதிக்காத பிரேக்கை மிதித்துத் தராது. அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையில் பரப்பிய கதிரின்மேல் வண்டியை நிதானமாக நடத்தும் பக்குவமும் பழக்கத்தினால் வருவதேயன்றிப் பணத்தினால் வருவதன்று.

ஆகவே, இலுப்பூர் போன்ற சிற்றூர்களில் பள்ளி மைதானம் ஒன்றை ஞாயிறுதோறும் காலையில் திறந்துவிட்டு, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, திரும்பி வருவோர் ஹெல்மெட் அணிந்து எட்டுப் போட்டு, பிரேக் பிடித்துப் பழக வழிசெய்ய வேண்டும். வண்டி விற்பவர்களும் சாவியைக் கொடுக்குமுன் அரைமணி நேரம் ஒதுக்கலாம். பேரன் பேத்தி எடுக்கும் வயதில் மீண்டும் மாணவராக நிற்பதில் அவமானம் ஏதுமில்லை. வீட்டில் காத்திருப்பவர்களுக்கு நாம் செய்யும் முதல் மரியாதை அதுவே.