மழபாடியும் மாகடலும்

அரியலூர் மாவட்டத்தின் தென்பகுதியில், கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த பழம்பதி திருமழபாடி. தேவாரம் பாடிய மூவராலும் போற்றப்பெற்ற சிவன் கோயில் அங்கு உண்டு. பங்குனித் திங்களில் நடைபெறும் நந்தியெம்பெருமான் திருமண விழாவைக் காணச் சுற்றுப்புற ஊர்களிலிருந்து மக்கள் திரள்வர். உழவே அவ்வூரார்க்கு உயிர்த்தொழில். அவர்கள் அன்றாடம் காணும் நீர் ஆற்றுநீரே. கடலோ கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளது. இத்தகைய ஊரில் ஒருவர் நின்று, "திமிங்கிலங்களைக் காக்க எல்லாரும் குரல் கொடுங்கள்" என்று கூறினால், கேட்பவர் வியப்படைவர். "மழபாடிக்கும் மாகடலுக்கும் என்ன உறவு?" என்று வினவுவர். வினா நியாயமானதே. அதற்கு விடையும் அம்மண்ணிலேயே உள்ளது.

அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக் கல்லுக்குப் பெயர் பெற்றது. இன்று அங்குச் சிமெண்டு ஆலைகள் பல இயங்குவதற்குக் காரணம் அக்கல்லே. அது எவ்வாறு அங்கு வந்தது? ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன்னிருந்து 6½ கோடி ஆண்டுகளுக்கு முன்வரை அந்நிலத்தின் பெரும்பகுதியில் கடல் பலமுறை புகுந்து பரவியிருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகளும் பிற உயிர்களின் எச்சங்களும் அடுக்கடுக்காகப் படிந்து கல்லாயின. நத்தை போலச் சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டுகள், கடல் முள்ளெலிகள், சுறாவின் பற்கள், கடலில் நீந்திய ஊர்வனவற்றின் எச்சங்கள் முதலியன அங்குக் கிடைத்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிளான்போர்டு, ஸ்டாலிக்கா முதலிய நிலவியல் அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து உலகிற்கு அறிவித்தனர். அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்தில் இத்தகைய புதைபடிவங்களை மாணவர் இன்றும் காணலாம். உழவர் ஏர் ஓட்டும் நிலம் ஒரு காலத்தில் கடலின் தரையாக இருந்தது என்பதற்கு அக்கற்கள் சான்று.

அக்கற்கள் மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றன. ஓர் உயிரினம் முற்றும் அழிந்தபின் அதை மீட்டல் எவராலும் இயலாது. அம்மோனைட்டுகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலில் பெருகி வாழ்ந்தன; இன்று ஒன்றேனும் உயிருடன் இல்லை. அவை அழிந்தது இயற்கையின் மாறுதலால். ஆனால் இக்காலத்துக் கடல் உயிர்களுக்கு நேரும் அழிவு பெரும்பாலும் மனிதன் செயலால் நேர்வது. மனிதன் செயலால் நேர்வதை மனிதன் முயற்சியால் தடுக்கலாம் அன்றோ? அம்முயற்சியின் பெயரே பாதுகாப்பு இயக்கம்.

கல் பழைய உறவைக் காட்டினால், ஆறு இன்றைய உறவைக் காட்டுகிறது. காவிரியின் மிகுவெள்ளத்தைக் கொள்ளும் இடம் ஆதலின் கொள்ளிடம் எனப்பட்டது என்பர். அவ்வாறு திருமழபாடியைக் கடந்து, பழையாற்றுக்கு அருகே வங்கக் கடலில் கலக்கிறது. ஆடி வெள்ளம் வரும்போது அது வண்டலை மட்டும் சுமந்து செல்வதில்லை. கரையில் எறியப்பட்ட நெகிழிப் பைகளையும் வயலிலிருந்து வழிந்த உரத்தையும் சேர்த்தே கொண்டு செல்கிறது. கடலில் மிதக்கும் நெகிழிப் பையைச் சொறிமீன் என்று எண்ணி விழுங்கும் ஆமை, அது எந்த ஊரிலிருந்து வந்தது என்று அறியாது. கடற்கரையில் வாழ்வோர் மட்டுமே கடலுக்குக் கேடு செய்வர் என்பது தவறு. ஆதலின், கடற்கரையில் வாழ்வோர் மட்டுமே கடலைக் காக்க வேண்டும் என்பதும் தவறே.

கடல்வாழ் உயிர்களுள் பெரியது திமிங்கிலம். அது மீன் அன்று. நுரையீரலால் மூச்சு விட்டு, குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு. பெருந்திமிங்கிலங்கள் பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே குட்டியை ஈனும். மெல்லப் பெருகும் இவ்வினத்தை மனிதன் விரைந்து கொன்றான். விளக்குக்கும் சோப்புக்கும் செயற்கை வெண்ணெய்க்கும் எண்ணெய் வேண்டும் என்று, நீராவிக் கப்பலும் வெடியீட்டியும் கொண்டு வேட்டையாடினான். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 இலட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. தென்முனைக் கடலில் வாழ்ந்த நீலத் திமிங்கிலங்கள் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவினும் குறைந்தன.

இக்கொடுமை எவ்வாறு நின்றது? வேட்டையாடியோர் தாமே மனம் இரங்கி நிறுத்தினாரல்லர். வேட்டையை ஒழுங்குபடுத்த 1946-ஆம் ஆண்டிலேயே பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டிருந்தும் கொலை குறையவில்லை. 1970-ஆம் ஆண்டில், கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் கடலுக்கடியில் எழுப்பும் இசைபோன்ற ஒலி இசைத்தட்டில் பதிவாகி வெளிவந்தது. எண்ணெய்ப் பீப்பாயாக எண்ணப்பட்ட விலங்கு பாடுகிறது என்பதை மக்கள் தம் செவியாலேயே கேட்டனர். 1972-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய ஐக்கிய நாடுகளின் மாநாடு, திமிங்கில வேட்டையைப் பத்தாண்டுகள் நிறுத்துமாறு வேண்டியது. இந்தியத் தலைமை அமைச்சர் இந்திரா காந்தி அம்மாநாட்டில் உரையாற்றினார். 1975-ஆம் ஆண்டில் கிரீன்பீசு இயக்கத்தினர் சிறுபடகுகளில் சென்று, வேட்டைக் கப்பலுக்கும் திமிங்கிலத்திற்கும் இடையே தம் உடலையே அரணாக நிறுத்தினர். அக்காட்சியைப் படமாகக் கண்ட பல நாட்டு மக்கள் தத்தம் அரசுகளை நெருக்கினர். 1982-ஆம் ஆண்டில் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் வணிக வேட்டையை நிறுத்தத் தீர்மானித்தது. 1986-ஆம் ஆண்டில் அத்தடை நடைமுறைக்கு வந்தது.

பயன் என்ன? தென் அத்திலாந்திக்கின் மேற்குப் பகுதியில் 1950-களில் ஏறத்தாழ 450 என்னும் அளவுக்கு அருகிப்போன கூனல் முதுகுத் திமிங்கிலங்கள், இன்று ஏறத்தாழ 25,000 ஆகப் பெருகியுள்ளன. குரல் எழுப்புவதால் யாது பயன் என்று கேட்போர்க்கு இதனினும் சிறந்த மறுமொழி வேண்டுவதில்லை. எனினும் பணி முடிந்துவிடவில்லை. நார்வே நாடு இன்றும் வேட்டையாடுகிறது. ஜப்பான் 2019-ஆம் ஆண்டில் அவ்வாணையத்தினின்று விலகி, வணிக வேட்டையை மீண்டும் தொடங்கியது.

"சட்டம் இருக்கும்போது இயக்கம் எதற்கு?" என்பார் சிலர். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் திமிங்கிலத்தையும் கடலாமையையும் ஆவுளியா என்னும் கடற்பசுவையும் காக்கிறது. ஆனால் சட்டம் ஏட்டில் உள்ள எழுத்து. அதற்கு உயிர் தருவது மக்களின் விழிப்பு. சென்னைக் கடற்கரையே இதற்குச் சான்று. ஆண்டுதோறும் தைத் திங்கள் முதலாக, பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் அங்கு வந்து முட்டையிடுகின்றன. 1988-ஆம் ஆண்டில் மாணவர்கள் கூடி, கடலாமைகளைக் காப்பதற்கென்றே ஓர் அமைப்பை நிறுவினர். அவர்கள் இரவெல்லாம் மணலில் பல கல் தொலைவு நடந்து, முட்டைகளைத் தேடியெடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைக்கின்றனர். ஏறத்தாழ 45 நாள் கழித்து வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். தெருவிளக்கின் ஒளியைக் கடலின் ஒளி என்று மயங்கி, குஞ்சுகள் சாலையை நோக்கி ஊர்ந்து மடியும். அதைத் தடுக்க விளக்குகளை அணைக்குமாறு வேண்டுகின்றனர். இப்பணியைத் தொடங்கியவர் அதிகாரிகளல்லர்; கல்வி பயிலும் இளைஞர்களே.

ஆயினும் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை நீரில் வாழினும் காற்றைச் சுவாசிப்பது. இழுவலையில் அகப்பட்டு நெடுநேரம் நீருக்குள் இருந்தால் மூச்சு முட்டி இறந்துபடும். கரையிலிருந்து 5 கடல் மைல் எல்லைக்குள் விசைப்படகுகள் இழுவலை வீசலாகாது என்னும் விதி உண்டு. விதி இருந்தும் ஆமைகள் மடிந்தன. மக்கள் கேள்வி எழுப்பிய பின்னரே நீதிமன்றங்களும் அரசும் இதனைக் கூர்ந்து நோக்கின. கேட்பார் இல்லாத சட்டம் காவலன் இல்லாத வயல் போன்றது.

மற்றொரு தடையும் எழுப்பப்படும். "மீனவரின் பிழைப்பு என்னாவது? விலங்கைக் காக்க மனிதனைப் பட்டினி போடலாமா?" என்பர். இத்தடையை எளிதாகத் தள்ளிவிடல் அறமன்று. வலை கிழிந்தால் மீனவன் குடும்பம் கடனில் மூழ்கும். அவனைப் பகைவனாகக் காட்டும் இயக்கம் வெற்றி பெறாது. வெற்றி பெறுவதும் முறையன்று.

குசராத்துக் கடற்கரையில் நிகழ்ந்தது இதற்கு வழிகாட்டும். திமிங்கிலச் சுறா என்பது பெயரால் திமிங்கிலம்; இனத்தால் மீன். மீன்களுள் மிகப் பெரியதாகிய அதனை ஈரல் எண்ணெய்க்காக அங்கு வேட்டையாடி வந்தனர். 2000-ஆம் ஆண்டில் மைக் பாண்டே என்பார் எடுத்த திரைப்படம் அக்கொலையை நாட்டிற்குக் காட்டியது. 2001-ஆம் ஆண்டில் அம்மீன் சட்டத்தின் முழுப் பாதுகாப்பைப் பெற்றது. ஆனால் அம்மாற்றத்தை மீனவர் நெஞ்சில் நிலைநிறுத்தியது அன்புமொழியே. 2004-ஆம் ஆண்டில் இயக்கம் தொடங்கியபோது, சமயச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, "பேறுகாலத்திற்குத் தாய்வீடு வரும் மகளைக் கொல்வீரோ?" என்னும் கருத்துப்பட மக்களிடம் எடுத்துரைத்தார். அன்புக்குரியவள் என்னும் பொருள்படும் பெயரும் அம்மீனுக்குச் சூட்டப்பட்டது. அதனை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவர்க்கு இழப்பீடும் அளிக்கப்பட்டது. கொன்றவர்களே காவலர் ஆயினர். அவர்களால் உயிர் பெற்றுக் கடலுக்குத் திரும்பியவை பல நூறு.

தமிழக மீனவரும் இவ்வறத்தில் குறைந்தவரல்லர். 1973-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தூத்துக்குடிப் பகுதியில் மணப்பாட்டை ஒட்டிய கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கி மடிந்தன. 2016-ஆம் ஆண்டில் அதே திங்களில், அதே கரையில், எண்பது திமிங்கிலங்கள் வரை மீண்டும் ஒதுங்கின. இம்முறை மீனவர் வேடிக்கை பார்த்து நிற்கவில்லை. அதிகாரிகளுடனும் தொண்டர்களுடனும் சேர்ந்து, படகுகளில் கட்டி இழுத்து அவற்றை ஆழ்கடலுக்குக் கொண்டு சென்றனர். பல மீண்டும் கரைக்கே வந்து இறந்தன. எனினும் சில பிழைத்தன. பாக்கு நீரிணையை ஒட்டிய ஊர்களில், வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிருடன் விடுவித்த மீனவர் உளர். ஆவுளியா மேயும் கடற்புல் வெளி மீன்குஞ்சுகள் வளரும் தொட்டிலும் ஆகும். அதனைக் காத்தல் மீன்வளத்தைக் காத்தலே. தஞ்சை, புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022-ஆம் ஆண்டில் அறிவித்தது. மீனவரைத் துணைக்கொண்டால் அன்றி அப்பாதுகாப்பு நிலைக்காது.

திமிங்கிலத்தைக் காப்பதால் மனிதர்க்கும் நன்மை உண்டு. அது ஆழத்தில் இரைதேடி, நீரின் மேற்பரப்பில் கழிவிடுகிறது. அக்கழிவு, கண்ணுக்குப் புலனாகாத மிதவைப் பாசிகளுக்கு உரமாகிறது. உலகில் உண்டாகும் உயிர்வளியில் ஏறத்தாழப் பாதியைத் தருவன கடலில் வாழும் இத்தகைய நுண்ணுயிர்களே. திருமழபாடியின் வயலில் நிற்கும் உழவனின் மூச்சிலும் கடலின் கொடை கலந்திருக்கிறது. ஆனால் பயன் கருதி மட்டும் உயிரைக் காத்தல் வணிகமாகும். வாய் இல்லா உயிர்க்கு வாயாக நிற்றலே அறமாகும்.

ஆகவே, கடல் உயிர்களுக்காகப் பாடுபடுவோர்க்குத் துணைநிற்றல் ஒவ்வொருவர்க்கும் கடமை. அத்துணையும் நெறிப்பட்டதாக இருத்தல் வேண்டும். பொய்ச்செய்தியைப் பரப்பாமை, கேட்டதை ஆராய்ந்து கொள்ளல், எதிர்க்கருத்துடையாரையும் மதித்தல், வன்முறையை நாடாமை ஆகியவை அதன் இலக்கணம். மாணவரால் இயல்வனவும் பல. ஆற்றங்கரையில் நெகிழியை எறியாதிருக்கலாம். எறிந்துகிடப்பதைத் திருவிழா முடிந்ததும் ஒன்றுகூடி அகற்றலாம். அருங்காட்சியகத்தில் கண்டதை ஊராருக்கு எடுத்துரைக்கலாம். அரசுக்கு எழுதும் விண்ணப்பத்தில் பெரியவர்களைக் கையொப்பம் இடச் செய்யலாம். 1988-ஆம் ஆண்டில் இருளில் மணல்வெளியில் நடந்தவர்களும் மாணவர்களே. அவர்கள் நடையால் கடலை அடைந்த ஆமைக்குஞ்சுகள் பல. அந்நடை தொடர வேண்டும். கடற்கரையோடு நின்றுவிடாமல், ஆற்றுவழியே உள்நாட்டு ஊர்களுக்கும் அது வர வேண்டும்.