காலி மனைகளில் வீடு எழட்டும்: பஃபலோ நகரின் நில விதிகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள பஃபலோ நகரத்தில் 1950-இல் 5,80,132 பேர் இருந்தார்கள். 2010-இல் 2,61,310 பேர். அறுபது ஆண்டுகளில் பாதிக்கும் மேல் கரைந்துபோன ஊர் இது. 2020 கணக்கெடுப்பில் அந்த எண் 2,78,349 ஆனது. எழுபது ஆண்டுகளில் நகரம் கண்ட முதல் ஏற்றம் இதுதான். கூடிய பதினேழாயிரம் பேர் எங்கிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் குடியேறினார்கள், அவர்களுக்கு நகராட்சி என்ன செய்து கொடுத்தது என்று கேட்காமல் இங்கே நில விதிகளைப் பற்றிப் பேச முடியாது என்று எங்கள் குடியிருப்போர் குழு கருதுகிறது.

நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 2017 முதல் நடைமுறையில் இருக்கும் ‘கிரீன் கோட்’ என்ற நில விதித்தொகுப்பை ஆதரிக்கிறோம். கட்டடம் ஒவ்வொன்றுக்கும் இத்தனை வண்டி நிறுத்துமிடம் வேண்டும் என்ற பழைய பார்க்கிங் கட்டாயத்தை எந்த வடிவத்திலும் திரும்பக் கொண்டுவரக் கூடாது. ஆனால் விதியை மட்டும் மாற்றினால் கிழக்குப் பக்கத்தில் ஒரு வீடும் எழாது. மெயின் தெருவுக்குக் கிழக்கே புல் மண்டிக் கிடக்கும் காலி மனைகளில் சிறிய வீடுகள் எழுவதற்கும், நிற்கிற பழைய வீடுகள் பழுது பார்க்கப்படுவதற்கும் நகரம் தன் பணத்தையும் ஆட்களையும் ஒதுக்க வேண்டும். பெரிய கட்டுமான நிறுவனங்களுக்குத் தரும் வரிச்சலுகை அதற்குப் பிறகுதான் வரவேண்டும்.

ஊர் ஏன் காலியானது என்றால் எல்லோரும் சொல்லும் காரணம் வேலை. அது உண்மைதான். 1959-இல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்த பிறகு தானியக் கப்பல்கள் பஃபலோவில் நின்று சரக்கை மாற்ற வேண்டிய தேவை போய்விட்டது. பக்கத்து லாக்கவானாவில் ஒரு காலத்தில் இருபதாயிரம் பேருக்கு மேல் வேலை கொடுத்த பெத்லஹேம் ஆலை 1983-இல் எஃகு உருக்குவதை நிறுத்தியது. ஆனால் வேலை போனது மட்டுமே காரணம் என்றால் சுற்றுவட்டாரமும் அதே அளவுக்குக் காலியாகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. 1970-க்கும் 2020-க்கும் இடையில், பஃபலோவும் அதன் புறநகர்களும் அடங்கிய ஈரி கவுண்ட்டியின் மக்கள்தொகை 11,13,491-லிருந்து 9,54,236-க்குக் குறைந்தது, அதாவது 14 விழுக்காடு. அதே காலத்தில் நகரம் இழந்தது 40 விழுக்காடு. ஆள் குறைந்துகொண்டே போன கவுண்ட்டியில் புறநகர் மனைப்பிரிவுகள் மட்டும் பெருகிக்கொண்டே போயின. வெளியே எழுந்த புது வீடுகளுக்கு ஈடாக உள்ளே பழைய வீடுகளுக்குப் பூட்டு விழுந்தது. மாநிலப் பல்கலைக்கழகம் தன் பெரிய வளாகத்தை நகருக்குள் கட்டாமல் ஆம்ஹர்ஸ்ட் புறநகரில் கட்டியது. 1980-களில் மெயின் தெருவை ஒட்டிப் போட்ட 6.4 மைல் ரயில்பாதை அந்த வளாகத்தைத் தொடாமல் நகர எல்லைக்கருகே நின்றுவிட்டது. இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கிறது.

நகருக்குள்ளும் எல்லாத் தெருவும் ஒரே மாதிரி காலியாகவில்லை. 1930-களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் வரைபடங்கள் சில பகுதிகளைச் சிவப்பு மையால் குறித்தன. அந்தத் தெருக்களில் வீடு வாங்கவும் வீட்டைப் பழுது பார்க்கவும் கடன் கிடைப்பது அரிதாயிற்று. 1950-களின் இறுதியில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த எல்லிகாட் பகுதியை வீடுவீடாக இடித்தார்கள். இடித்த மனைகள் பல ஆண்டுகள் வெறுமனே கிடந்தன. பிறகு ஹம்போல்ட் பார்க்வேயின் முறை வந்தது. ஃபிரெடெரிக் லா ஓல்ம்ஸ்டெட் வடிவமைத்த அந்தச் சாலைக்கு 200 அடி அகலம், நடுவில் வரிசை வரிசையாக மரங்கள். குடும்பங்கள் மாலையில் காலாற நடந்த இடம் அது. மரங்களை வெட்டி, பள்ளம் தோண்டி, கென்சிங்டன் விரைவுச்சாலையைப் போட்டார்கள். புறநகர்க்காரர் சில நிமிடங்களில் வேலைக்கு வந்து சேரலாம். இருபுறமும் மிஞ்சிய வீடுகளுக்குச் சத்தமும் புகையும் வந்து சேர்ந்தன.

அந்தப் பள்ளத்தின் ஒரு பகுதிக்கு மேல்கூரை போட்டுச் சுரங்கமாக்க மாநில அரசு நூறு கோடி டாலருக்கு மேல் செலவாகும் திட்டம் வைத்தது. முழுமையான சுற்றுச்சூழல் ஆய்வு செய்யாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்று 2025-இல் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை நாங்கள் வரவேற்கிறோம். ஆய்வு நடக்கும்போது பள்ளத்தைத் தூர்த்துப் பழைய பார்க்வேயை மீட்பதையும் ஒரு வழியாக எடுத்துப் பரிசீலிக்க வேண்டும். சுரங்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பேச மறுத்தால் அந்த ஆய்வை நாங்கள் ஏற்கமாட்டோம்.

2022 மே 14 அன்று இதே கிழக்குப் பக்கத்தில், ஜெஃபர்சன் அவென்யூ சூப்பர்மார்க்கெட்டில் வெள்ளை இனவெறியன் ஒருவன் பத்துக் கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றான். கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழும் இடம் எது என்று தேடிப் பார்த்துவிட்டே பல மணி நேரம் கார் ஓட்டி வந்தான். அதன்பின் கடை மூடிக் கிடந்த இரண்டு மாதமும் தன்னார்வலர்கள் காய்கறியும் ரொட்டியும் தெருவில் வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் அந்த வட்டாரத்துக்கு அது ஒன்றுதான் பெரிய மளிகைக் கடை. கறுப்பின மக்களை ஓரிடத்தில் நெருக்கி, அங்கே ஒரே கடையை விட்டுவைத்த இந்த வரைபடம், கடன் மறுப்பும் இடிப்பும் விரைவுச்சாலையும் சேர்ந்து உண்டாக்கியது. அதனால் எங்கள் குழுவில் எவருக்கும் நில விதி என்பது வெறும் அலுவலகக் காகிதமாக இன்று தெரியவில்லை.

இனி 2020-இல் கூடிய அந்த மக்களிடம் வருவோம். மேற்குப் பக்கத்தில் மியான்மர், சோமாலியா, காங்கோ, ஈராக் நாடுகளிலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள். கிழக்கே பிராட்வே, ஃபில்மோர் தெருக்களைச் சுற்றி நியூயார்க் மாநகரிலிருந்து, பெரும்பாலும் குவீன்ஸிலிருந்து, இடம் பெயர்ந்த வங்கதேசத்தவர்கள். அங்கே வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல் இங்கே வந்து, வரி பாக்கிக்காக நகராட்சி ஏலம் விட்ட வீடுகளைச் சில ஆயிரம் டாலருக்கு எடுத்தவர்கள் அவர்களில் பலர். போலந்துக்காரர்கள் கட்டிய தேவாலயங்களில் சில இன்று பள்ளிவாசல்கள்.

அந்தத் தெருக்களில் ஒன்றில் நடந்து பாருங்கள். முப்பதடி அகல மனை, ஒடுக்கமான மரவீடு. கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம், இரண்டு தளத்துக்கும் தெருவைப் பார்த்த திண்ணை. ஊர்க்காரர்கள் இதை ‘டபுள்’ என்பார்கள். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் இருந்துகொண்டு மேல்தளத்தை வாடகைக்கு விடுவார், அல்லது தம்பி குடும்பம் மேலே இருக்கும். ஒரு வீட்டில் புதுக் கூரைத் தகடு வெயிலில் பளபளக்கிறது. அடுத்ததில் பாதிச் சுவருக்கு மட்டும் வண்ணம் ஏறியிருக்கிறது, மீதி அடுத்த சம்பளத்துக்குக் காத்திருக்கிறது. பக்கத்துக் காலி மனையில் மூங்கிலும் கயிறும் கட்டிப் பந்தல் போட்டு, ஆகஸ்டில் சுரைக்காய் முழ நீளத்துக்குத் தொங்குகிறது. பல இடங்களில் அந்த மனை இன்னும் நகராட்சியின் பெயரில்தான் இருக்கிறது. நீண்ட பனிக்காலம் கொண்ட ஊரில் கோடையின் ஒரு நாளையும் வீணாக்காத கைகள் இவை. இந்தக் கைகளை நம்பித்தான் நகரம் திட்டம் போட வேண்டும்.

இப்படிப்பட்ட வீடுகளைத்தான் நகராட்சி பல ஆண்டுகளாக இடித்து வந்தது. 2007-இல் அப்போதைய மேயர் பைரன் பிரவுன் ஐந்தாண்டுகளில் 5,000 வீடுகளை இடிக்கும் திட்டத்தை அறிவித்தார். தீப்பிடித்து விழப்போகும் வீட்டை இடிக்கத்தான் வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கூரை ஒழுகுகிறது என்பதற்காக விழுந்த வீடுகளும் உண்டு. இடிக்கும் செலவில் ஒரு பங்கைக் கூரைக்கும் குழாய்க்கும் கொடுத்திருந்தால் அவற்றில் எத்தனை வீடுகளில் இன்று விளக்கு எரியும்! ஆகவே இடிப்பு உத்தரவு போடும் முன் அந்த வீட்டைப் பழுது பார்க்கச் சம்மதிப்பவர் இருக்கிறாரா என்று வெளிப்படையாகக் கேட்டு, குறிப்பிட்ட காலம் காத்திருந்த பிறகே இயந்திரத்தை அனுப்ப வேண்டும் என்கிறோம்.

ஏலமும் மாறவேண்டும். ஏலத்தில் எடுத்துப் பூட்டிவைத்துவிட்டு விலை ஏறும்வரை காத்திருக்கும் வெளியூர் முதலீட்டாளருக்கும், அதே வீட்டில் குடியேறப்போகும் குடும்பத்துக்கும் ஒரே வரிசை என்பது நியாயமில்லை. குடியேறுபவருக்கே முதல் உரிமை. பக்கத்து மனையை ஒரு டாலருக்குத் தரும் நகராட்சித் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அது நல்ல திட்டம், ஆனால் விண்ணப்பத்திலிருந்து பத்திரம் கைக்கு வருவதற்குள் ஆள் அலுத்துப்போகிறார். வங்காளம், பர்மியம், ஸ்பானிஷ், சோமாலி மொழிகளில் படிவமும், கூடவே உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஓர் ஊழியரும் வேண்டும்.

கிரீன் கோட் வருவதற்கு முன் நகரம் 1953-இல் எழுதிய விதிகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளியது. எல்லோரும் காரில்தான் வருவார்கள் என்று நினைத்து எழுதிய விதிகள் அவை. பழைய கடைவீதியில் இருந்த கட்டடத்தை வாங்கிக் கீழே கடையும் மேலே வீடும் வைக்க நினைப்பவர், பார்க்கிங் கணக்கை நிரப்பப் பக்கத்துக் கட்டடத்தை இடிக்க வேண்டிய நிலை இருந்தது. 2017-இல் நகரம் முழுவதற்கும் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. அமெரிக்கப் பெருநகரங்களில் இதை முதலில் செய்தது பஃபலோதான். பார்க்கிங் போய்விடும், தெரு ஸ்தம்பிக்கும் என்று பயமுறுத்தியவர்களுக்குப் பதில் முதல் இரண்டு ஆண்டுகளின் பெரிய கட்டுமானங்களை ஆராய்ந்தபோதே கிடைத்துவிட்டது. அவற்றில் 47 விழுக்காடு, பழைய விதி கேட்டிருக்கும் அளவைவிடக் குறைவான இடத்தோடு கட்டப்பட்டன. கடையும் வீடும் கலந்த கட்டடங்களில் பழைய கணக்கைவிட 53 விழுக்காடு குறைவு. மற்றவர்கள் தங்களுக்குத் தேவைப்பட்ட அளவுக்குப் பார்க்கிங் கட்டிக்கொண்டார்கள். யாரும் தடுக்கவில்லை.

எங்களுக்குக் கவலை விதிவிலக்குகள் பற்றித்தான். எல்ம்வுட் அவென்யூவில் மூன்று மாடி என்று ஊர்கூடிப் பேசி எழுதியதை, மனைகளைச் சேர்த்து வாங்கியவர் வந்து கேட்டதும் தளர்த்தினால், கூட்டங்களுக்கு வந்து உட்கார்ந்தவர்கள் ஏமாந்தவர்களாகிறார்கள். மூன்று மாடி போதாது என்றால் விதியையே எல்லோருக்கும் திருத்துங்கள், நாங்களும் பேச வருகிறோம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடிந்தவருக்கு ஒரு சட்டம், திண்ணையை நாலடி நீட்ட நினைக்கும் கிழக்குப் பக்கத்துக்காரருக்கு வேறொரு சட்டம் என்பதை ஏற்க முடியாது. உயரமான கட்டடம் வேண்டுமானால் ரயில் நிலையங்களைச் சுற்றி நிறைய இடம் இருக்கிறது. அங்கே கட்டுவதை முழு மனதோடு ஆதரிப்போம்.

புறநகர்கள் தங்கள் பங்கைச் செய்யாமல் நகரம் மட்டும் இந்தச் சுமையைத் தூக்க முடியாது. பெரிய மனையில் தனிவீடு மட்டும் என்ற விதியால் அவை தங்கள் கதவை மூடியே வைத்திருக்கின்றன. ஒவ்வோர் ஊரும் குறிப்பிட்ட அளவு வீடுகளுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று ஆளுநர் கேத்தி ஹோக்கல் 2023-இல் முன்வைத்த திட்டம் சட்டமன்றத்தில் தோற்றது. ஹோக்கல் இந்தப் பகுதியில் வளர்ந்தவர், நிலைமை அறிந்தவர். அதை அவர் மீண்டும் கொண்டுவர வேண்டும்.

பழைய குடிகள் எங்களிடம் சொல்லும் ஓர் அச்சம் உண்டு: வளர்ச்சி வந்தால் வரியும் வாடகையும் ஏறும், நாங்கள் வெளியேற நேரும் என்பது. இதை நாங்கள் மறுக்கவில்லை. கிரேப், பீச், லெமன், ஆரஞ்சு, மல்பெரி என்று பழப்பெயர் கொண்ட தெருக்கள் நிறைந்த ஃப்ரூட் பெல்ட்டில் அது கண்முன் நடந்தது. பக்கத்து மருத்துவ வளாகம் வளர வளர, அங்கே வேலை பார்ப்பவர்களின் கார்கள் தெருவை அடைத்தன. சொந்த வீட்டு வாசலில் வண்டி நிறுத்த உரிமை கேட்டுப் போராட வேண்டியிருந்தது. அந்தப் பேட்டைக்காரர்களே சமூக நில அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார்கள். நிலம் அறக்கட்டளைக்குச் சொந்தம், வீடு குடும்பத்துக்குச் சொந்தம், விற்றாலும் எளியவர் வாங்கும் விலையிலேயே விற்க வேண்டும். கிழக்குப் பக்கத்தில் நகராட்சியிடம் இருக்கும் மனைகளில் ஒரு பகுதியை இத்தகைய அறக்கட்டளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கைகளில் முக்கியமானது.

வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகரத்து வீடுகளில் பாதிக்கு மேல் 1940-க்கு முன் கட்டியவை, ஈயம் கலந்த பழைய வண்ணப்பூச்சு இன்னும் உரிந்து விழுகிறது. ஜன்னல் விளிம்பில் படியும் தூசியைக் குழந்தை தொட்டு வாயில் வைக்கிறது. புகார் வரும்வரை காத்திராமல் வாடகை வீடுகளை நகராட்சியே போய்ச் சோதிக்க வேண்டும் என்ற சட்டம் 2020-இல் நிறைவேறியது. சோதனைக்குப் போக ஆள் போதவில்லை என்பதை இனியும் காரணமாகச் சொல்லக் கூடாது.

பருவநிலை மாற்றத்திலிருந்து தப்பி வருவோருக்குப் பஃபலோ புகலிடம் என்று 2019-இல் மேயர் அறிவித்தார். மரியா புயலுக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள் இங்கே வந்தது உண்மை. ஆனால் 2022 டிசம்பர் பனிப்புயலில் இந்தக் கவுண்ட்டியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிலர் தங்கள் வீட்டுக்குள்ளேயே, சூடு இல்லாமல் இறந்தார்கள். புகலிடம் என்று சொல்வதற்கு முன் கதவிடுக்கில் காற்று புகாத வீடும், வேலை செய்யும் வெப்பச் சாதனமும் இருக்கவேண்டும்.

நகர மன்ற உறுப்பினர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். அடுத்த பட்ஜெட்டில் வீடு இடிப்புக்கு எவ்வளவு, பழுது பார்ப்புக்கு எவ்வளவு என்று இரண்டு தொகைகளையும் அடுத்தடுத்து அச்சிடுங்கள். பழுது பார்ப்புக்கான தொகை பெரிதாக இருக்கும் பட்ஜெட்டுக்கு ஆதரவாக மன்றத்தில் வந்து பேசுவோம். இல்லாவிட்டால் எதிர்த்துப் பேசவும் வருவோம். குடியிருப்போரே, பட்ஜெட்டுக்காக மன்றம் கூடும் அன்றைக்கு உங்கள் பக்கத்து மனையின் முகவரியை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு எங்களோடு வாருங்கள்.