கபாலத்துக்குள் ஒரு கோயிலா?

மதநம்பிக்கை மனித மூளையிலேயே நரம்போடு நரம்பாய்ப் பின்னிக் கிடக்கிறது என்று இப்போது இரண்டு தரப்பாரும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஆஸ்திகருக்கு அதில் ஆனந்தம்: "பார்த்தீரா, ஆண்டவன் தன் முகவரியை நம் தலைக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டான்!" நாஸ்திகருக்கும் ஆனந்தம்: "பார்த்தீரா, கடவுள் என்பது வெறும் நரம்புக் கோளாறு!" ஒரே பண்டத்தை இருவரும் இரண்டு கடையில் வைத்து விற்கிறார்கள். பண்டமே போலி என்பது என் கட்சி.

இந்தப் பேச்சு பரவிய கதையில் நம் ராயபுரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அங்கே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் கலிபோர்னியாவில் ஆராய்ச்சி செய்து புகழ்பெற்றவர் வி. எஸ். ராமச்சந்திரன். நெற்றிப்பொட்டை ஒட்டிய மூளைப் பகுதியில் வலிப்புக் காணும் நோயாளிகள் சிலருக்குத் தெய்வ சிந்தனை மிகுந்துவிடுவது வைத்தியர்கள் நெடுநாளாய் அறிந்த சங்கதி. அப்படிப்பட்டவர்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்குச் சாதாரணச் சொற்கள், காமச் சொற்கள், மதச் சொற்கள் என்று காட்டி, கையில் வியர்வை எவ்வளவு கசிகிறது என்று கருவி வைத்து அளந்தார். மதச் சொற்களுக்கு அமோகமாகக் கசிந்தது. காமச் சொற்களுக்கு வழக்கத்தைவிடக் குறைந்தது. 1997-ல் இதை அவர் குழு வெளியிட்டது. அவ்வளவுதான் விஷயம். பத்திரிகைகள் அதற்குச் சூட்டிய திருநாமம் 'கடவுள் இருக்குமிடம்'! ராமச்சந்திரனோ, கடவுள் உண்டென்றோ இல்லையென்றோ இது நிரூபிக்காது என்று சொல்லி வைத்தார். தலைப்பை மட்டும் படிக்கிறவர்களுக்கு அதெல்லாம் எதற்கு?

கனடாவில் பெர்சிங்கர் என்பவர் ஒரு தலைக்கவசத்தில் மெல்லிய காந்த சக்தியை ஓடவிட்டு, அதை அணிந்தவர்களுக்கு யாரோ அருகில் நிற்கும் உணர்வு வருகிறது என்றார். ஸ்வீடனில் உப்சாலா சர்வகலாசாலையார் சோதித்துப் பார்த்து 2005-ல் முடிவைச் சொன்னார்கள். காந்தம் ஓடுகிறதா இல்லையா என்பது அணிந்தவருக்கும் தெரியாது, அணிவித்தவருக்கும் தெரியாது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் பலன் ஒன்றுதான்; சொன்னதை எளிதில் வாங்கிக்கொள்ளும் சுபாவமுள்ளவர்களிடமே 'யாரோ' வந்தார். பெர்சிங்கர் ஆட்சேபித்தார், அது வேறு. நம் ஊர்ப் பூசாரிகளுக்கு இந்தச் சூட்சுமம் எப்போதோ தெரியும். தலைக்கவசச் செலவும் அவர்களுக்கு இல்லை.

"ராயபுரத்தில் ராயப்பர் கோயில், அதே பேட்டையில் பார்சிகள் 1910-ல் அமைத்த அக்கினிக் கோயில், திருவொற்றியூரில் தியாகராஜர். பாஷை மாதிரிதான் ஐயா, எது என்பது ஊரைப் பொறுத்தது, சக்தி பிறவியில் வந்தது" என்று படித்த நண்பர்கள் மடக்குவார்கள். நல்ல உவமை, ஆனால் நொண்டுகிறது. பேசுகிறவர்கள் நடுவே வளரும் குழந்தை பாஷையே இல்லாமல் போவது அபூர்வம். கும்பிடுகிறவர்கள் நடுவே வளர்ந்து கும்பிடாமல் போனவர்களோ ஏராளம். ராஜாஜி சாலையில் ஆட்சியர் அலுவலகக் கட்டிடத்துக்குப் பெயராய் நிற்கும் சிங்காரவேலர் 1860-ல் மீனவர் குலத்தில் பிறந்தவர். முதலில் பௌத்தத்தில் பற்று வைத்தார். பிறகு நாஸ்திகராகி, 'குடி அரசு' ஏட்டில் விஞ்ஞானம் எழுதினார். நடுவில் எந்த நரம்பை எவர் கழற்றினார்?

மூளையில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பயம் இருக்கிறது. இருட்டில் சருகு சலசலத்தால் 'யாரது?' என்று கேட்கும் புத்தி இருக்கிறது. அது எப்போது சாமியைத் தேடிப் போகிறது என்பதல்லவா கேள்வி? மாலினோவ்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர் முதல் உலக யுத்த காலத்தில் டிரோபிரியாண்ட் தீவுகளில் மீனவரோடு வாழ்ந்து ஒன்று கண்டார். காயலுக்குள் மீன் பிடிக்கப் போகிறவன் மந்திரம் மாயம் எதுவும் செய்வதில்லை. ஆபத்தும் அதிருஷ்டமும் ஆளுகின்ற நடுக்கடலுக்குப் போகிறவன் விஸ்தாரமாகச் செய்கிறான். ஜனங்கள் அதே ஜனங்கள், மூளையும் அதே மூளை, தண்ணீர்தான் வேறு.

நம் வீட்டுப் பூஜை அறைக்குத் 'தத்துவம்' என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்மனைக் கும்பிடுகிறவளைப் பார்த்தால் மட்டும் "பாவம், மூளை அமைப்பு அப்படி" என்கிறோம். எண்ணூருக்குப் போய்ப் பாருங்கள். 2023 டிசம்பரில் புயல் மழையோடு மணலி ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் அங்கே கழிமுகமெங்கும் பரவியது. மீனவர்கள் படகில் நின்று அதைக் குவளையால் மொண்டார்கள். அதே மாதம் 26-ந் தேதி நள்ளிரவில், கடலடியில் போட்ட குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் பிள்ளை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மூச்சுத் திணற ஓடினார்கள். காயலே நடுக்கடலாகிவிட்டது அவர்களுக்கு. அங்கே ஒருத்தி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தால், அவள் தலைக்குள் நரம்பைத் தேடுகிறவர்கள் முதலில் அந்தக் குழாயைத் தேடட்டும்.